பழையதோடு ஒட்டாத புதிய கணினித்தளம் நிலைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய இயங்குதளமோ, நுண்செயலியோ, கைக்கருவியோ அறிமுகமாகும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மென்பொருள் இதில் ஓடாவிட்டால் இதை யார் வாங்குவார்கள்? கடந்த அறுபது ஆண்டுகளில் இக்கேள்விக்குச் சந்தையே பலமுறை பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால்தான் விவாதம் இன்னும் ஓயவில்லை.

இணக்கம் என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு தளத்துக்காக எழுதி விற்கப்பட்ட நிரல் எந்த மாற்றமும் இன்றி இன்னொரு தளத்தில் ஓடுவதையே பெரும்பாலோர் இணக்கம் என்கிறார்கள். அது இணக்கத்தின் மிகக் கடினமான வடிவம். மூலநிரலை, அதாவது மனிதர் எழுதிய வடிவத்தை, சிறிது திருத்தி மறுபடி கம்பைல் செய்தால் (இயந்திர மொழிக்கு மாற்றினால்) ஓடும் என்பது அதற்கு அடுத்த நிலை. நிரல் ஓடாவிட்டாலும் பழைய கோப்புகளைத் திறக்க முடிவது, பழைய பிரின்டரும் வலையமைப்பும் வேலை செய்வது, பயனரின் விரல் பழகிய விசைகள் மாறாமல் இருப்பது ஆகியவையும் இணக்கமே. ஓர் அலுவலகம் கணினியை மாற்றத் தயங்கும்போது அது கணக்கிடுவது புதிய இயந்திரத்தின் விலையை மட்டுமன்று. வட்டில் கிடக்கும் பத்தாண்டுக் கோப்புகளும் பணியாளர்களின் பழக்கமும் அந்த விலையைவிடப் பன்மடங்கு பெறும். ஒருவர் நிரலை மனத்தில் வைத்தும் மற்றவர் கோப்பை மனத்தில் வைத்தும் பேசுவதாலேயே இது பற்றிய பல வாக்குவாதங்கள் முடிவின்றி நீள்கின்றன.

சுருக்கமான விடை என்ன?

பழைய தளம் செய்யும் அதே வேலையைச் செய்ய வரும் தளம், எவ்வளவு வேகமாகவும் மலிவாகவும் இருந்தாலும், இணக்கம் இல்லாமல் நிலைப்பது மிக அரிது. பழைய தளத்தால் செய்யவே முடியாத ஒரு வேலையோடு வரும் தளத்துக்குப் பழைய நிரல்கள் அவசியமில்லை. ஆனால் அதற்கும் வெளியுலகத்தோடு குறைந்தது ஓர் உறுதியான இணைப்பு வேண்டும். கீழுள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களின் விரிவுதான்.

இந்தச் சிக்கல் தனிக்கணினிகளோடு வந்ததா?

இல்லை, அதற்கும் முந்தையது. ஐபிஎம் நிறுவனத்தின் 1401 என்ற வணிகக் கணினி 1960களின் தொடக்கத்தில் பெருமளவில் புழங்கியது. அதன் வாடிக்கையாளர்களைக் கவர்வதற்காக ஹனிவெல் நிறுவனம் 1963 டிசம்பரில் ஹனிவெல் 200 என்ற கணினியை அறிவித்தது. 1401-க்கு எழுதிய நிரல்களைத் தன் கணினிக்கு ஏற்ப மாற்றித் தரும் ஒரு கருவியையும் அது கூடவே கொடுத்து, அக்கருவிக்கு விடுதலை தருபவர் என்ற பொருளில் 'லிபரேட்டர்' என்று பெயரும் வைத்தது. யாரிடமிருந்து விடுதலை என்று சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஐபிஎம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 வரிசை, முந்தைய ஐபிஎம் கணினிகள் எதனோடும் நேரடி இணக்கம் இல்லாத புத்தம்புது வடிவமைப்பு. பிற்காலத்தில் துணிச்சலான முறிவுக்கு அதையே உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அந்த வரிசையின் மாடல் 30 கணினியை, கட்டளைகளை உள்ளுக்குள் நிறைவேற்றும் நுண்நிரலான மைக்ரோகோடின் உதவியால் 1401 போலவே நடந்துகொள்ளும்படியும் இயக்கலாம் என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள். புதிய கணினியை வாங்கிவைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பழைய 1401 நிரல்களையே ஓட்டிய நிறுவனங்கள் ஏராளம்.

ஒரே இயங்குதளம் இருந்தால் போதாதா? எம்எஸ்-டாஸ் ஓடினால் அந்தக் கணினி இணக்கமானதுதானே?

1982, 1983 ஆண்டுகளில் பல நிறுவனங்கள் அப்படித்தான் நம்பின. டெக் நிறுவனத்தின் ரெயின்போ 100, டான்டி நிறுவனத்தின் டான்டி 2000 ஆகிய இரண்டிலும் எம்எஸ்-டாஸ் ஓடியது. டான்டி 2000-இல் இருந்த 80186 நுண்செயலி, ஐபிஎம் பிசியில் இருந்த 8088-ஐவிடத் தெளிவாகவே வேகமானது. இருந்தும் கடையில் வாங்கிய புகழ்பெற்ற மென்பொருள் பல அவற்றில் ஓடவில்லை.

சிக்கல் திரையில் இருந்தது. ஐபிஎம் பிசியில் வண்ணத் திரைக்குரிய எழுத்துகள், பதினறும எண்ணில் பி8000 என்ற முகவரியில் தொடங்கும் நினைவகத்தில் வைக்கப்பட்டன. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட். முதலாவது எழுத்து, இரண்டாவது அதன் நிறம். 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்ட திரை முழுவதற்கும் 4,000 பைட் போதும். திரையில் ஓர் எழுத்தைக் காட்டும்படி டாஸிடம் கேட்பதுதான் முறையான வழி. ஆனால் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் ஊர்ந்து வருமளவுக்கு மெதுவாக இருந்தது. டாஸைக் கேட்காமல் அந்த முகவரியிலேயே பைட்டைப் போட்டுவிட்டால் எழுத்து உடனே தோன்றும். 1983 ஜனவரியில் விற்பனைக்கு வந்த லோட்டஸ் 1-2-3 விரிதாள் இந்தக் குறுக்கு வழியில்தான் தன் வேகத்தைப் பெற்றது. அந்த முகவரியில் அதே அமைப்பில் திரை நினைவகம் இல்லாத கணினியில், டாஸ் எவ்வளவு சரியாக ஓடினாலும், அந்த விரிதாளுக்குத் திரை இல்லை என்றுதான் பொருள்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டது காம்பேக். கணினியைத் தொடக்கி வன்பொருளை இயக்கும் ஐபிஎம்மின் பயாஸ் நிரலை நகலெடுக்காமல், அதன் நடத்தையை மட்டும் பிறர் எழுதிய விவரக்குறிப்பிலிருந்து அறிந்து, தன் பொறியாளர்களைக் கொண்டு அதைப் புதிதாக எழுதியது. விற்பனையின் முதல் ஆண்டான 1983-இல் அதன் வருவாய் 11.1 கோடி டாலர். அக்காலத்தில் ஒரு கணினி உண்மையிலேயே இணக்கமானதா என்று பார்க்க விமர்சகர்கள் விவரக்குறிப்பைப் படிக்கவில்லை. லோட்டஸ் 1-2-3, ஃபிளைட் சிமுலேட்டர் ஆகிய இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு தளத்தின் உண்மையான இடைமுகம் கையேட்டில் எழுதியிருப்பதன்று, வெற்றி பெற்ற நிரல்கள் எதை நம்பி எழுதப்பட்டனவோ அதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஐபிஎம் பிசியே 1981-இல் புதிய தளம்தானே? அது எப்படி வென்றது?

அது தோற்றத்தில்தான் புதியது. அப்போது அலுவலகச் சிறுகணினிகளில் பரவலாக இருந்த இயங்குதளம் சிபி/எம். அது ஓடிய நுண்செயலிகள் இன்டெல் 8080, அதனோடு இணக்கமான இசட்80 ஆகியவை. 8080-க்கு எழுதிய அசெம்பிளி நிரலை ஏறக்குறைய இயந்திரத்தனமாகவே மாற்றிக்கொள்ளும் வகையில் இன்டெல் தன் 8086 குடும்பத்தை வடிவமைத்திருந்தது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பாட்டர்சன் எழுதிய 86-டாஸ், பின்னர் எம்எஸ்-டாஸ் ஆனது. சிபி/எம் நிரல்களை எளிதில் கொண்டுவருவதற்காக அவர் அதன் அழைப்பு முறைகளையே பின்பற்றினார். ஐபிஎம் என்ற பெயரின் வலிமை வேலையைப் பாதி முடித்தது என்றால், மீதிப் பாதியை இந்த ஏற்பாடு முடித்தது.

மேகின்டோஷ் எதனோடும் இணங்காமலே வென்றதே?

இணக்கம் தேவையில்லை என்பவர்கள் முதலில் எடுத்துவைக்கும் சான்று இது. 1984 ஜனவரி 24 அன்று 128 கிலோபைட் நினைவகத்துடன் 2,495 டாலருக்கு வந்த மேகின்டோஷில், ஐபிஎம் பிசியின் நிரல்கள் மட்டுமல்ல, ஆப்பிளின் சொந்த ஆப்பிள் II நிரல்களும் ஓடவில்லை. அடுத்த சில ஆண்டுகள் நிறுவனத்துக்குச் சோறு போட்டது அந்தப் பழைய ஆப்பிள் II-தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வருவாய் இல்லாத ஒரு புதிய நிறுவனம் மேகின்டோஷை வெளியிட்டிருந்தால் அது 1985-ஐத் தாண்டியிருக்குமா என்பது ஐயம்.

அதைக் காப்பாற்றியது அச்சுத்தொழில். 1985-இல் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும், அதனுள் பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும், ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் ஒன்றுசேர்ந்தன. மேசையில் வடிவமைத்த பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி நுட்பத்தில் அலுவலகத்திலேயே அச்சிட்டுப் பார்க்கலாம். திருப்தியானால் அதே கோப்பை லைனோட்ரானிக் ஒளியச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு அனுப்பி, அதைவிடப் பல மடங்கு நுட்பமான ஃபிலிமாகப் பெறலாம். ஹெல்வெட்டிகா, டைம்ஸ் போன்ற அச்சகங்களுக்குப் பழக்கமான எழுத்துருக்களே அச்சுப்பொறிக்குள் உரிமத்துடன் இருந்தன. மேகின்டோஷ் மற்றக் கணினிகளோடு இணங்கவில்லை. ஆனால் பக்கம் தயாரிப்பவரின் தொழிலோடு முழுமையாக இணங்கியது. அந்த மேசையில் அதற்கு முன் வேறு கணினி எதுவும் இருக்கவில்லை என்பதால் ஒப்பிட்டுக் குறை சொல்லவும் ஆளில்லை. அந்த எல்லையைத் தாண்டிப் பொது அலுவலகத்துக்குள் நுழைய முயன்றபோது ஆப்பிளுக்கும் பழைய பாடமே காத்திருந்தது. டாஸ் வட்டுகளையும் படிக்கக்கூடிய 1.44 மெகாபைட் வட்டியக்கியை அது 1988-இல் மேகின்டோஷ் IIஎக்ஸில் சேர்த்தது.

நெக்ஸ்ட், பி ஆகிய கணினி நிறுவனங்கள் தொழில்நுட்பத்தில் முன்னோடிகளாக இருந்தும் ஏன் தோற்றன?

நெக்ஸ்ட் கணினி 1988 அக்டோபரில் 6,500 டாலருக்கு அறிமுகமானது. அதில் ஃபிளாப்பி இயக்கி கிடையாது. 256 மெகாபைட் ஒளிக்காந்த வட்டுதான் இருந்தது. அடுத்த மேசைக்காரரிடம் அந்த இயக்கி இல்லாதபோது கோப்பை எதில் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற எளிய கேள்விக்கே அந்தக் கணினியிடம் சரியான விடை இல்லை. நிரல் எழுதும் வசதியில் அதற்கு இணை அக்காலத்தில் இல்லை. செர்ன் ஆய்வகத்தில் 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் இணைய உலாவியை எழுதியது நெக்ஸ்ட் கணினியில்தான். இருந்தும் 1993-இல் நிறுவனம் வன்பொருள் தயாரிப்பைக் கைவிட்டது. பி நிறுவனத்தின் பிஓஎஸ் இயங்குதளத்தின் கதை இன்னும் சுருக்கமானது: 2001-இல் அதன் உடைமைகளைப் பாம் நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

நெக்ஸ்டின் இரண்டாம் பிறவிதான் சிந்திக்கத் தக்கது. 1996 டிசம்பரில் ஆப்பிள் அந்நிறுவனத்தை வாங்க உடன்பட்டு, அதன் இயங்குதளத்தையே எதிர்கால மேகின்டோஷாக்க முடிவு செய்தது. முதல் திட்டப்படி, பழைய மேக் நிரல்கள் ஒரு தனிப் பெட்டிக்குள் ஓடும். புதிய வசதிகள் வேண்டுமென்றால் நிரலை நெக்ஸ்டின் முறையில் புதிதாக எழுத வேண்டும். அடோபி, மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் நிரல்களை அடியோடு திருப்பி எழுத முன்வரவில்லை. ஆப்பிள் இறங்கிவந்தது. பழைய அழைப்புகளில் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு புதிய தளத்தில் நேரடியாக ஓடவைக்கும் கார்பன் என்ற ஏற்பாட்டை 1998-இல் அறிவித்தது. அதன் பிறகே 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வெளிவந்தது. பத்தாண்டுகள் வாங்க ஆளில்லாமல் நின்ற அதே தொழில்நுட்பம், பழைய வீட்டுக்கு ஒரு வழி வைத்ததும் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது.

அப்படியானால் முழு இணக்கம் கொடுத்துவிட்டால் வெற்றி உறுதியா?

உறுதியில்லை. முழு இணக்கமே ஒரு தளத்தை மெல்லக் கொல்லவும் கூடும். ஐபிஎம் 1992-இல் வெளியிட்ட ஓஎஸ்/2 2.0, டாஸ் நிரல்களை டாஸைவிடவும் விண்டோஸ் நிரல்களை விண்டோஸைவிடவும் நன்றாக ஓட்டும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அந்தப் பெருமையில் பெருமளவு உண்மையும் இருந்தது. ஆனால் மென்பொருள் எழுதுபவரின் இடத்தில் நின்று பாருங்கள்: விண்டோஸுக்கு ஒருமுறை எழுதினால் இரண்டு தளத்திலும் விற்கலாம் எனும்போது, ஓஎஸ்/2-க்கென்று தனியாக எழுத அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? விண்டோஸ் 95 வந்து, அதற்கான புதிய 32-பிட் நிரல்கள் ஓஎஸ்/2-இல் ஓடாமல் போனபோது, சொந்த நிரல்கள் என்று சொல்லிக்கொள்ள அதனிடம் அதிகம் மிஞ்சவில்லை. பிளாக்பெரி 10 கருவிகள் 2013-இல் ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் வசதியோடு வந்து இதே குழியில் விழுந்தன.

இணக்கம் வாங்குபவரை அழைத்துவரும், எழுதுபவரை அழைத்துவராது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு.

நுண்செயலியை மட்டும் மாற்றினால்?

இங்கே ஆப்பிளையும் இட்டானியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ஆப்பிள் 1994-இல் 68000 குடும்பத்திலிருந்து பவர்பிசிக்கும், 2006-இல் இன்டெலுக்கும், 2020-இல் தன் சொந்த ஆர்ம் வகைச் சில்லுக்கும் மாறியது. மூன்று முறையும் பழைய நிரல்களை மொழிபெயர்த்து ஓட்டும் ஏற்பாடு முதல் நாளிலேயே தயாராக இருந்தது. அந்தச் சொந்தச் சில்லான எம்1-இல் இதற்காக வன்பொருளிலேயே ஓர் உதவி உண்டு. இன்டெல் நுண்செயலிகள் நினைவகத்தில் எழுதும் வரிசை பற்றி ஆர்மைவிடக் கண்டிப்பான விதியைப் பின்பற்றுபவை. மொழிபெயர்த்த நிரல் ஓடும்போது எம்1 அந்தக் கண்டிப்பான விதிக்கு மாறிக்கொள்கிறது. மென்பொருளால் மட்டும் அதைச் செய்திருந்தால் வேகம் பெரிதும் குறைந்திருக்கும்.

இன்டெலும் எச்பியும் சேர்ந்து உருவாக்கி 2001-இல் வந்த இட்டானியம் என்ற 64-பிட் நுண்செயலி, பிசிகளுக்கு எழுதிய பழைய எக்ஸ்86 நிரல்களை ஓட்டியது. ஆனால் அப்போதைய சாதாரணப் பிசியைவிட மெதுவாக ஓட்டியது. 2003 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ஆப்டெரான், பழைய 32-பிட் நிரல்களை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே 64-பிட்டையும் தந்தது. அடுத்த ஆண்டே இன்டெல் போட்டியாளரின் அந்த வழியைத் தானும் பின்பற்ற வேண்டியதாயிற்று.

கைபேசிகள் எந்தப் பழைய நிரலும் இல்லாமல்தானே வளர்ந்தன?

ஆம், ஏனெனில் அவை மேசைக்கணினியின் வேலையைப் பிடுங்க வரவில்லை. 2007-இன் ஐபோனில் விண்டோஸ் நிரல் எதுவும் ஓடவில்லை. முதல் ஓராண்டுக்கு வெளியார் செயலிகளுக்குக் கடைகூட இல்லை. ஆனால் உண்மையான இணையப் பக்கங்கள் அதில் திறந்தன, வழக்கமான மின்னஞ்சல் வந்தது, ஐட்யூன்ஸில் சேர்த்திருந்த பாடல்கள் ஏறின. அலுவலகங்கள் கேட்ட எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் இணைப்பு, 2008 ஜூலையில் செயலிக் கடையோடு சேர்ந்தே வந்தது. ஆக, இணக்கம் நிரலில் இல்லை. வலையிலும் கோப்பிலும் அஞ்சலிலும் இருந்தது.

எதிர்மாறான உதாரணம் 2012-இன் விண்டோஸ் ஆர்டி. பெயர் விண்டோஸ், தோற்றம் விண்டோஸ். ஆனால் வீட்டில் இருக்கும் விண்டோஸ் நிரல்கள் ஓடாது. 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி இருப்புக்காக 90 கோடி டாலரை இழப்பாக எழுதித் தள்ளியது. இணக்கம் இல்லாததைவிட, இருப்பதுபோல் தோன்றி இல்லாமல் போவது மோசம்.

விளையாட்டுக் கருவிகள்?

ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய விளையாட்டுகளுக்காகவே வாங்கப்படுவதால் அவற்றில் இணக்கம் ஒரு கூடுதல் வசதிதான். விதிவிலக்கு, பிசி விளையாட்டுகளை நம்பி வருபவை. வால்வ் நிறுவனத்தின் லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் மெஷின்கள் 2015-இல் எடுபடவில்லை. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் 2018-இல் வந்தது. அதை நம்பி 2022-இல் வந்த ஸ்டீம் டெக் நன்றாக விற்றது.

திறந்த மூலநிரல் இந்த நிலையை மாற்றியிருக்கிறதா?

பெருமளவு மாற்றியிருக்கிறது. பெர்க்லியில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியில் (நுண்செயலிக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல்) பழைய நிரல் எதுவும் நேரடியாக ஓடாது. ஆனால் ஜிசிசி கம்பைலரும் லினக்ஸ் கருவும் அதற்கு வந்துவிட்டதால், மூலநிரல் கிடைக்கும் எதையும் மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம். ஐஐடி மெட்ராஸில் உருவாக்கப்படும் சக்தி நுண்செயலிகளும் இந்தத் தொகுதியைத்தான் பின்பற்றுகின்றன. சொந்தமாக ஒரு கட்டளைத் தொகுதியை வகுத்திருந்தால் கம்பைலரிலிருந்து எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டியிருந்திருக்கும். சலவை இயந்திரத்துக்குள்ளோ மின்மானிக்குள்ளோ இருக்கும் சில்லு எந்த வகை என்று வாங்குபவர் கேட்பதில்லை என்பதால் அங்கே மாற்றம் எளிது. மூலநிரல் வெளியே வராத மேசைக்கணினி மென்பொருளில்தான் பழைய சுவர் அப்படியே நிற்கிறது.

தமிழ்க் கணிமையில் இதற்கு உதாரணம் உண்டா?

உண்டு, தளத்தில் இல்லை, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையான குறியேற்றத்தில். எட்டு பிட் காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தோடு வந்தது. பாமினியில் தட்டச்சியதை வேறோர் எழுத்துருவில் திறந்தால் குப்பையாகத் தெரியும். உலக மொழிகளுக்கான பொதுக் குறியேற்றமான யூனிகோடு இவை எவற்றோடும் இணங்கவில்லை. ஆனால் விண்டோஸ் 2000-இலேயே லதா எழுத்துருவோடு அது வந்து சேர்ந்தது. பின்னர் தேடுபொறியும் கைபேசியும் அதையே படித்தன. எல்லா உயிர்மெய் எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கொடுத்த டேஸ்16 குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஓர் எழுத்துக்கு ஒரு குறி என்ற அதன் ஒழுங்கு, நிரல் எழுதுபவருக்கு மிக வசதியானது. ஆனால் உலாவிகளும் தேடுபொறிகளும் படிக்காத குறியேற்றத்தில் பொதுமக்கள் எழுதப்போவதில்லை. அது பரவலான புழக்கத்துக்கு வரவில்லை.

அதே நேரம், யூனிகோடு இவ்வளவு பரவிய பின்னும் பல அச்சகங்கள் பழைய எழுத்துருக்களோடு பேஜ்மேக்கரைத் தொடர்ந்து பயன்படுத்தியதற்குக் காரணம் சோம்பலன்று. பேஜ்மேக்கர் யூனிகோடை அறியாது. அவர்களிடம் இருக்கும் பக்கங்களோ பேஜ்மேக்கரில் இருந்தன.

பழைய இணக்கத்தை எப்போது கைவிடலாம்?

புதிய தளத்துக்கென்றே எழுதிய நிரல்கள் போதுமான அளவு சேர்ந்த பிறகு. பவர்பிசி நிரல்களை ஓட்டும் ஏற்பாட்டை ஆப்பிள் 2011-இலும், 32-பிட் நிரல்களுக்கான ஆதரவை 2019-இலும் நீக்கியது. முணுமுணுப்பு எழுந்தது, வெளியேறியவர்கள் குறைவு. ஹுவாவே தன் ஹார்மனி ஓஎஸ்ஸைப் பல ஆண்டுகள் ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும்படி வைத்திருந்து, 2024 அக்டோபரில் வெளிவந்த ஹார்மனி ஓஎஸ் நெக்ஸ்டில் அந்த இணைப்பை வெட்டியது. ஐபிஎம் மட்டும் வேறு வழியில் சென்றது: 360-க்கு 1960களில் எழுதிய பயன்பாட்டு நிரல்கள் பல அதன் இன்றைய இசட் வரிசைக் கணினிகளிலும் ஓடுகின்றன. வாங்குபவர்கள் வங்கிகளும் அரசுகளுமாக இருக்கும்போது அந்த நிரல்களை ஓட்டித் தருவதுதான் விற்கப்படும் பொருள்.

என் நிறுவனத்தின் பழைய கணக்கு மென்பொருளின் மூலநிரல் எங்களிடம் இல்லை. புதிய தளத்துக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் நிரலை மாற்றுவதற்கு முன் தரவை வெளியே எடுங்கள். டாஸ் கால நிரலாக இருந்தால் டாஸ் சூழலைப் போலச் செய்யும் டாஸ்பாக்ஸ் நிரலிலும், பழைய விண்டோஸ் நிரலாக இருந்தால் மெய்நிகர் கணினியிலும் அதை முதலில் ஓட்டிப் பாருங்கள். 16-பிட் விண்டோஸ் நிரல்கள் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடா என்பதை நினைவில் வையுங்கள். அது ஓடத் தொடங்கியதும் எல்லாப் பதிவுகளையும் சாதாரண உரைக்கோப்பாகவோ விரிதாளாகவோ ஏற்றுமதி செய்து, புதிய மென்பொருளில் ஏற்றி, ஒரு நிதியாண்டின் இருப்புநிலைக் குறிப்பு இரண்டிலும் ஒன்றாக வருகிறதா என்று சரிபாருங்கள். உரிமத்தைச் சரிபார்க்கும் பூட்டுக் கருவியை இணைத்தால்தான் ஓடும் மென்பொருளாக இருந்தால், அந்தக் கருவியைச் செருகும் பேரலல் போர்ட் உள்ள பழைய கணினி ஒன்றை இந்த வேலை முடியும்வரை கழித்துவிடாதீர்கள்.